றோசியுடன் கிண்ணியாப் பாலம் வரை ஒரு வெள்ளோட்டம்

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குப் பாலையூற்றில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து சைக்கிளை வெளியே தள்ளினேன். பின் கரியரில் ஒரு மீன்பெட்டி. பெட்டிக்குள் எங்கள் நாய் றோசி. கணவர் சுரேன், நித்திரையில் இருந்த நான்கு வயது மகள் அனிற்றாவைத் தோளில் போட்டுக்கொண்டு படலையடியில் நின்றார்.

"போனைச் சத்தத்தில வையும்" என்றார். "வெயில் ஏறமுன்னம் திரும்பிடும்."

"பிள்ளைக்குப் பால் அடுப்படியில மூடிக் கிடக்கு. சூடாக்கிக் குடுங்கோ, கொதிக்க விடாதேங்கோ."

"ஓம், ஓம். எனக்கும் பால் சூடாக்கத் தெரியும்."

ஒழுங்கை முடக்கு வரை போய், அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்றார். அடுப்பு எரிந்தால் அவர் பார்ப்பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

நாயை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மட்டக்களப்புக்குக் குடிபெயர்கிறோம். கணவருக்கு அங்கே இடமாற்றம். எனக்கும் அங்கே ஒரு பாடசாலை கிடைத்திருக்கிறது. சாமான்கள் லொறியில் போகும். அவரும் பிள்ளையும் பஸ்ஸில் போவார்கள். றோசி எதிலும் போகமாட்டாள். தடுப்பூசி போட ஒருமுறை ஓட்டோவில் ஏற்றிப்போனபோது வாயில் நுரை தள்ளி, சத்தியெடுத்து, பட்டியைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடும் வண்டியிலிருந்து குதித்தாள். பின்னால் வந்த பஸ் ஒரு சாண் தூரத்தில் பிரேக் அடித்தது. அடுத்த முறை மிருக வைத்தியர் மயக்கத்துக்கு ஒரு குளிசை கொடுத்தார். இரண்டு நாள் அவள் எழும்பவே இல்லை. "றோசி செத்துப் போச்சோ அம்மா?" என்று அனிற்றா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குளிசையை இனி நான் கொடுக்கமாட்டேன்.

வீட்டுக்கார ஐயா, தன்னிடமே விட்டுவிட்டுப் போகும்படி சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அவருடைய வளவில் நாய்கள் கிணற்றடியில் சங்கிலியிலேதான் வாழும். சாப்பாடும் அங்கேதான், மழையும் அங்கேதான். றோசியை நாங்கள் ஒருநாளும் கட்டியதில்லை. அனிற்றா வயிற்றில் இருந்தபோது சுரேன் வாரநாட்களில் கொழும்பில் நின்றார். அந்த மாதங்களில் என் அறை வாசலுக்குக் குறுக்கே படுத்திருந்தவள் அவள்தான்.

அதனால் சைக்கிளில் கொண்டுபோகிறேன் என்றேன். சுமார் நூற்று முப்பது கிலோமீற்றர், மூன்று நாள். வெள்ளிக்கிழமை புறப்பட்டால் லொறி வந்து சேரும் ஞாயிறு பின்னேரம் நாங்களும் போய்ச் சேரலாம். சுரேன் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டபிறகு ஒரு நிபந்தனை வைத்தார்.

"கிண்ணியாப் பாலம் மட்டும் ஒருக்காக் கொண்டுபோய்ப் பாரும். பாலத்தில லொறி பக்கத்தால போகேக்குள்ள அவள் பெட்டிக்குள்ள இருந்தாளெண்டா நான் பிறகு ஒரு கதையும் கதைக்கமாட்டன். குதிச்சாளெண்டா ஐயாட்டை விடுவம்."

நியாயமான நிபந்தனை. மட்டக்களப்பு வீதி பாலங்களால் ஆனது. கிண்ணியாவுக்கு அப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலாவதில் குதிக்கும் நாயை மற்றவற்றில் எப்படிக் கொண்டுபோவது?

ஆயத்தங்களை நான் இரண்டு கிழமையாகச் செய்துவந்தேன். அரிசிக்கடைத் தராசில் றோசியை நிறுத்தேன்: பதினாறு கிலோ. உரப்பை ஒன்றில் அதே நிறைக்கு மண் நிரப்பிக் கரியரில் கட்டிப் பாடசாலைக்கு ஓடிப் பழகினேன். பள்ளிப் பிள்ளைகள் "ரீச்சர் வீடு கட்டுறா" என்று சொல்லிச் சிரித்தார்கள். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், காயத்துக்குப் போடும் தூள், நாயின் தடுப்பூசி அட்டை எல்லாம் பையில் ஏறின. பெட்டிக்குத்தான் வழி தெரியவில்லை. கூடை ஆடியது, காட்போட் பெட்டி அவள் ஏறியதும் கிழிந்தது.

கடைசியில் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மீன் வியாபாரி யோகன் அண்ணன் தன் பழைய பெட்டியைத் தந்தார். வெளியே பலகை, உள்ளே ஐஸ் கரையாமலிருக்க றெஜிபோம், மேலே மூடி, பின்பக்கம் ஒரு கதவு. தன் சைக்கிளில் பூட்டுவதைப் போலவே என் லேடீஸ் சைக்கிளிலும் நாலு மரையாணி போட்டு இறுக்கிப் பூட்டினார். அவள் தலையை வெளியே நீட்டட்டும் என்று மூடியைக் கழற்றி, ஒரு சாக்குத் துண்டை மேலே போட்டோம். பெட்டியை நான் மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் இரண்டு தரம் தேசிக்காய் தேய்த்தும் கழுவினேன். என் மூக்குக்கு ஒரு மணமும் இல்லை. கைபிடியில் யோகன் அண்ணன் தன் றப்பர் ஹோர்னையும் பூட்டிவிட்டார்.

"இது எதுக்கு அண்ணை?"

"கிடக்கட்டும் தங்கச்சி. ஹோர்ன் இல்லாமப் போனா சனம் என்ன பெட்டியெண்டு நினைக்கும்? சவப்பெட்டியெண்டு நினைக்கும்."

வீதியில் மாடுகளை விலக்க உதவும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கண்டி வீதியில் அந்த நேரம் வாகனம் குறைவு. இடப்பக்கம் உள்துறைமுகத்தின் தண்ணீர் மரங்களுக்கிடையில் விட்டுவிட்டுத் தெரிந்தது. வெயில் இன்னும் அதில் இறங்கவில்லை. பின்னால் றோசி எழும்பும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் சைக்கிள் வாலை ஆட்டியது. மண் மூட்டை அப்படி ஆடவில்லை. மண்ணுக்குப் பயம் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. அவளுக்குக் கட்டியிருந்த பட்டியின் கயிறும் என்னை அரித்தது. குட்டையாகக் கட்டினால் குதிக்கும்போது கழுத்தில் இறுகும். நீளமாக விட்டால் சில்லில் சிக்கும். மார்பைச் சுற்றிப் பட்டி தைத்து, நிலம் தொடும் அளவுக்குக் கயிறு விட்டிருந்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று சீனக்குடா வரும் வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.

சீனக்குடாவில் நேரே போனால் கப்பல்துறை, அதன்பின் கண்டி. நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம். விமானத் தளத்தின் கம்பி வேலி, காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள், பிறகு தண்ணீர், பிறகு வீடுகள். வெள்ளைமணல் வந்தபோது ஏழு மணி இருக்கும். அங்கே ஒரு மாடு நடுவீதியில் படுத்திருந்தது. நான் ஹோர்னை அமுக்கினேன். பாம், பாம்.

மாடு அசையவில்லை. ஆனால் இடப்பக்கம் ஒரு படலை திறந்தது. பிறகு வலப்பக்கம் இரண்டு. மூன்று பெண்கள் கையில் தட்டோடும் சட்டியோடும் வீதிக்கு வந்தார்கள்.

"என்ன மீன் தங்கச்சி?" என்று முதல் ஆள் கேட்டார். "பாரை இருக்கா?"

"மீன் இல்ல அக்கா..."

"முடிஞ்சுதா? இந்தக் காலத்தாலயே?"

சாக்கைத் தள்ளிக்கொண்டு றோசி தலையை வெளியே நீட்டினாள்.

"அல்லாவே, நாய்!" தட்டைப் பிடித்தவர் இரண்டு அடி பின்னால் போனார். இன்னொருவர் சட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பொம்புள ஒண்டு மீன் விக்க வெளிக்கிட்டிருக்கு, விலைய நல்லாக் குறைக்கலாமெண்டு ஓடி வந்தனே. கிலோ என்ன விலை புள்ள?"

"பதினாறு கிலோவும் ஒண்டாத்தான் குடுப்பன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

சிரிப்பு முடியவில்லை, நாய்கள் வந்துவிட்டன. மீன்காரனின் ஹோர்ன் கேட்டால் குடல் கிடைக்கும் என்று அந்த வீதி நாய்களுக்குத் தெரியும். என் மூக்குக்குத் தெரியாத மணமும் அவற்றுக்குத் தெரிந்தது. நாலைந்து நாய்கள் பின்னால் வந்து, பெட்டியின் கதவை முகர்ந்து, உள்ளே மீனுக்குப் பதிலாக இன்னொரு நாய் இருப்பதைக் கண்டு குரைத்தன. நான் மிதித்தேன். அவையும் ஓடி வந்தன. றோசி குதித்தாள். சைக்கிள் சரிந்தது. நான் முழங்காலில் விழுந்தேன்.

தட்டோடு வந்த பெண்தான் வீடு கூட்டும் தும்புத்தடியோடு ஓடி வந்து நாய்களை விரட்டினார். கழுத்தில் கயிறு இறுகவில்லை. றோசி என் பாவாடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினாள். என் முழங்கால் தோல் உரிந்திருந்தது. காயத்தூள் நாய்க்கென்று கொண்டுவந்தது, நான் போட்டுக்கொண்டேன்.

"திரும்பிப் போங்க புள்ள" என்றார் அந்தப் பெண், இப்போது சிரிக்காமல். "கோளாறான வேலை இது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டில் பிள்ளை எழும்பியிருக்கும். பாலைக் கொதிக்க விட்டிருப்பார். ஆடை படிந்தால் அவள் குடிக்கமாட்டாள். ஒரு நாய்க்காகப் பிள்ளையை மூன்று நாள் விட்டுவிட்டு வீதியில் போகும் தாயை நான் வேறு யாரிலாவது கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அதற்கு எனக்கு விடை தெரியும். ஆனால் கிணற்றடியில் சங்கிலியும் எனக்குத் தெரியும். ஹோர்னைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். றோசி பெட்டிக்குள் ஏற மறுத்தாள். சரி, பக்கத்தில் நட என்றேன். புறங்கையைத் தாரில் வைத்துப் பார்த்தேன். அவள் பாதத்துக்குச் சுடும் சூடு இன்னும் வரவில்லை.

நாச்சிக்குடாவைத் தாண்டிச் சைக்கிளை உருட்டிக்கொண்டே பாலத்தடிக்கு வந்தோம். கிண்ணியாப் பாலத்தை வாகனத்தில் கடந்தவர்களுக்கு அது ஒரு நிமிட அழகு: ஒரு பக்கம் துறைமுகத்தின் வாய், மறுபக்கம் தம்பலகாமக் களப்பு, நடுவில் காற்று. நடந்து கடந்தால் அது நானூறு மீற்றர் காற்று. ஓரப் பாதையில் றோசி வயிறு நிலத்தில் படும்படி ஊர்ந்தாள். நடுவில், மணல் ஏற்றிய லொறி ஒன்று பக்கத்தால் போனது. பாலம் காலுக்கடியில் அதிர்ந்தது. அவள் அப்படியே இருந்துவிட்டாள். கூப்பிட்டேன். இழுத்தேன். பிஸ்கட் காட்டினேன். சைக்கிளைக் கம்பியில் சாத்திவிட்டு நானும் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆசிரியை பாலத்து நிலத்தில் குந்தியிருப்பதை என் மாணவர்களின் பெற்றோர் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். பிறகு, அடுத்த கிழமை அவர்கள் எனக்குப் பெற்றோர் இல்லை என்று நினைவு வந்தது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து அவளே எழும்பினாள். மீதியை ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம்.

மறுகரையில் கால் வைத்ததும் போன் அடித்தது.

"பாலம் தாண்டிட்டீரோ?"

"தாண்டிட்டம்."

"இருந்தாளோ?"

"இல்லை. நடந்து வந்தனாங்கள். வழியில ஒருக்காக் குதிச்சிட்டாள்."

போனில் அவருக்குப் பின்னால் அனிற்றா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பால் வயிற்றில் இறங்கியிருக்கிறது.

"சரி, நீர் ஏலுமான அளவு செய்திட்டீர்" என்றார் மெதுவாக. "திரும்பி வாரும். நான் ஐயாவோட கதைக்கிறன்."

"கதைக்காதேங்கோ" என்றேன். "நான் வந்து சேருமட்டும் ஒருத்தரோடயும் ஒண்டும் கதைக்காதேங்கோ."

போனை வைத்தபின்தான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று விளங்கியது. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் டயரைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு முன்னால் வாகை மர நிழல். அங்கே நின்று பெட்டியைப் பார்த்தேன். காலையிலிருந்து எத்தனை தரம் பார்த்த பெட்டி. யோகன் அண்ணன் மீன் விற்கும்போது சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நின்றுதான் கதவைத் திறப்பார். அதனால் கதவு பின்பக்கம். என் இருக்கைப் பக்கம் உயர்ந்த பலகை. றோசி அதற்குள் இருந்தால் விலகிப் போகும் வீதியையும் விரட்டி வரும் நாய்களையும் லொறியின் மூஞ்சியையும்தான் காண்பாள். என்னைக் காணமாட்டாள். ஓட்டோவிலும் அவளை நாங்கள் பின் இருக்கைக்குப் பின்னால்தான் போட்டோம்.

"நானா, இந்தப் பெட்டிய முன்பின்னாத் திருப்பிப் பூட்ட ஏலுமோ?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். கை நீட்டி, பலகையில் வழிந்திருந்த எச்சிலைக் கண்டு கையை இழுத்தார். முகத்தில் உண்மையான சங்கடம்.

"ஏலும் தங்கச்சி. சுகமான வேலை. ஆனா நாய்ட எச்சி ஈரம் பட்டா நாங்க ஏழு தரம் கழுவோணும், அதில ஒரு தரம் மண் போட்டு. இண்டைக்குப் பைப்பில தண்ணியும் வரல்ல." பிறகு ஸ்பானரை என்னிடம் நீட்டினார். "நீங்க கழட்டுங்க. நான் சொல்லித் தாறன்."

"ஸ்பானர்ல பட்டா?"

"பிடி காஞ்சுதானே இருக்கு. காஞ்சதுக்குக் காஞ்சது பிரச்சினையில்ல. நீங்க நாயை நக்க விடாதீங்க, அவ்வளவுதான்."

நான் ரீச்சர், வாழ்க்கையில் ஸ்பானர் பிடித்ததில்லை என்றேன். அவர் ஒரு முழம் தள்ளி முக்காலியில் இருந்துகொண்டு, "இடப்பக்கம், இடப்பக்கம்... அது வலம் தங்கச்சி, நீங்க ரீச்சரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு ஆணியையும் கழற்றி, பெட்டியைத் தூக்கித் திருப்பி, ஓட்டை பொருந்தாமல் ஒருமுறை அழும் நிலைக்கு வந்து, பிறகு பொருத்தி இறுக்கினேன். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். அவருடைய மனைவி உள்ளிருந்து ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து, என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நாய்க்குக் குடுங்க. மறுகா சிரட்டைய அந்தப் பக்கம் எறிஞ்சிடுங்க. உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டாறன்."

"வேண்டாம் ராத்தா, நேரம் போகுது."

"புள்ளையொண்டு வீட்டில இருக்கு போல. பாட்டுச் சத்தம் போன்ல இங்க வரைக்கும் கேட்டிச்சி. குடிச்சிட்டே போங்க, முகம் வெளுத்திருக்கு."

தேத்தண்ணீர் குடித்தேன். சீனி கூட. கடைக்காரர் காசு வாங்கவில்லை. "வேலை செஞ்சது நீங்க, என்னட்டையெல்லோ கூலி கேக்கோணும்" என்றார். மனைவி அவரைப் பார்த்து, "குடுங்கவன் அப்ப" என்றார்.

இப்போது கதவு என் முதுகுப் பக்கம். றோசி ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, நான் திறந்து விட்ட கதவால் தலையை நீட்டி, தாடையை என் இருக்கையின் பின்னால் வைத்தாள். அவளுடைய மூச்சு என் இடுப்பில் பட்டது. பாலத்தின் தொடக்கத்தில் ஒருமுறை காலை ஊன்றி நின்றேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். அப்படிப் போனால் ஒன்றும் தெரியவராது. மிதித்தேன்.

முதல் லொறி எதிரே வந்தது. அவள் தலையைத் தாழ்த்தினாள். இரண்டாவது பின்னாலிருந்து, முந்திக்கொண்டு, காற்றால் எங்களைக் கம்பிப் பக்கம் தள்ளியது. அவளுடைய மூக்கு என் முதுகில் அழுந்தியது. பெட்டி ஆடவில்லை. நான் எதையோ சொல்லிக்கொண்டே மிதித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, செபமாக இருக்கலாம், வாய்பாடாகவும் இருக்கலாம். மூதூர் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மறுகரை வந்தது. அவள் அங்கேயே இருந்தாள்.

வெள்ளைமணலில் சத்தம் போடாமல் கடந்தோம். தும்புத்தடிக்காரப் பெண் மட்டும் படலையில் நின்று, "வித்து முடிஞ்சுதா?" என்று கேட்டார். "ஒருத்தருக்கும் குடுக்கேல்ல அக்கா" என்றேன்.

பதினொன்றரைக்குப் பாலையூற்று. சுரேன் முற்றத்தில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார். அனிற்றா ஓடி வந்து முதலில் றோசியைக் கட்டிப்பிடித்தாள், பிறகு என்னை.

"இருந்தாளோ?" என்று அவர் கேட்டார்.

"போகேக்குள்ள இருக்கேல்ல. வரேக்குள்ள இருந்தாள். ரெண்டு லொறி, ஒரு பஸ்."

"ஒருக்கா இருந்தது காணுமோ?"

"காணாது. நாளையில இருந்து ஒவ்வொரு பின்னேரமும் கொண்டுபோவன். ஆனா இனி எனக்குச் சோதனை வைக்காதேங்கோ. வெள்ளிக்கிழமை நாங்கள் போறம். நான் கேக்கேல்ல, சொல்லுறன்."

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நான் அவரோடு அப்படிக் கதைத்ததில்லை. ஹாண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு கரியரைப் பார்த்தார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை.

"ஆர் இறுக்கினது?"

"நான்."

இன்னொருமுறை, முன்னையதிலும் பலமாக உலுக்கிப் பார்த்தார்.

"முதல் நாள் எங்க தங்கப் போறீர்?" என்றார். "ஈச்சிலம்பற்றில என்னோட வேலை செய்த ஒராள் இருக்கிறார். அவற்ற மனிசி நல்ல மாதிரி. இப்பவே கதைச்சு வைக்கட்டோ?"

மட்டக்களப்பில் நாங்கள் போகும் வீட்டைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். வெள்ளைச் சுவர், நீல நிறக் கேற், ஒரு முருங்கை. அந்த ஒழுங்கையில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இங்கே படலையடியில் காலடிச் சத்தம் கேட்டால், வருவது பால்காரரா, தபால்காரரா, வீட்டுக்கார ஐயாவா என்று றோசியின் குரைப்பில் எனக்கு விளங்கும். அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குரைப்பாள். போகப்போகப் பிரித்து அறிவாள், அவளிடமிருந்து நானும் அறிவேன். சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் பாதி வழியில், வாகரையில் நிற்பேன். வெருகலில் யானை வந்தால் என்ன செய்வேன் என்று தெரியாது. வெயில், மழை, சில்லு, என் முழங்கால் எல்லாம் இன்னும் அப்படியே யோசனையாக இருக்கின்றன. பாலத்துக்குப் போய் வந்ததால் ஒன்றும் குறையவில்லை. குறையும் வரை நிற்கவும் நேரமில்லை. நாளைப் பின்னேரம் மீண்டும் பழக்கம். வெள்ளிக்கிழமை, பாலத்தின் மறுகரையில் சைக்கிளைத் திருப்ப வேண்டியதில்லை.